தீயால் இரும்பை அறுத்தல்

பழைய கப்பல்களைப் பிரிக்கும் துறையிலும், பாலம் எழும் ஆற்றுப் படுகையிலும், நம் ஊர்க் கடைவீதியின் கோடியில் உள்ள வெல்டிங் பட்டறையிலும் ஒரே காட்சியை நாம் காணலாம். நிறக் கண்ணாடியால் கண்களை மறைத்துக்கொண்ட ஒருவர் கனத்த இரும்புத் தகட்டின் முன் குனிந்திருப்பார். அவர் கையிலுள்ள பித்தளைக் கருவியின் முனையில் நீலச் சுடர் ஒன்று அசையாமல் நிற்கும். சில விநாடிகள் அச்சுடரைத் தகட்டின் விளிம்பில் காட்டுவார்; பிறகு கருவியிலுள்ள விசையை அழுத்துவார். உடனே ஒரு சீற்றம் எழும். தகட்டின் அடிப்புறத்திலிருந்து பொறிகள் மத்தாப்பூவைப்போலச் சொரியும். விரல் தடிப்புள்ள எஃகு, வாழைத்தண்டு அறுபடுவதுபோல இரண்டாகப் பிரிந்துவிடும்.

இஃது எவ்வாறு நிகழ்கிறது என்று கேட்டால், "சுடரின் வெப்பம் இரும்பை உருக்குகிறது, உருகிய இரும்பு வழிந்து போகிறது" என்றே பெரும்பாலோர் விடை கூறுவர். பட்டறையில் சில திங்கள் வேலை பார்த்த இளைஞர்களும் இவ்வாறே நினைப்பதுண்டு. இந்த விடை தவறானது. தவறான விடையை நம்பிக்கொண்டே ஒருவர் நெடுங்காலம் இரும்பை அறுத்துவிடலாம். ஆனால் கருவியின் உண்மை இயல்பை அறியாதவருக்கு அதில் எங்கே ஆபத்து ஒளிந்திருக்கிறது என்பதும் தெரியாது. ஆகவே, பற்றவைப்புத் தொழிலைப் பயிலும் மாணவன் முதலில் கற்க வேண்டியது கையால் செய்யும் வேலையை அன்று. பள்ளிக்கூடத்து இரசாயனப் பாடத்தை மீண்டும் ஒரு முறை நினைவுகூர்வதே அவனுடைய முதற்பாடம்.

அந்தப் பாடத்தில் ஒரு சோதனை உண்டு. ஆக்ஸிஜன் நிரம்பிய கண்ணாடிச் சாடி ஒன்றை எடுத்துக்கொள்கிறோம். மெல்லிய இரும்புக் கம்பியைச் சுருளாக்கி, அதன் நுனியைப் பழுக்கக் காய்ச்சிச் சாடியினுள் இறக்குகிறோம். வெளிக் காற்றில் வெறுமனே சிவந்திருந்த கம்பி, ஆக்ஸிஜனுள் புகுந்ததும் கண் கூசும் ஒளியுடன் பொறி பறக்க எரியத் தொடங்குகிறது. எரிந்து உருண்ட துளிகள் கீழே விழுகின்றன. அவை கண்ணாடியைப் பிளந்துவிடாமல் இருக்கவே சாடியின் அடியில் சிறிது நீரோ மணலோ இட்டுவைப்பது வழக்கம். 18ஆம் நூற்றாண்டில் லவாசியர் முதலிய விஞ்ஞானிகள் செய்து காட்டிய சோதனை இது. விறகு எரிவதுபோல இரும்பும் எரியும் என்பதே இதன் பொருள்.

பட்டறையில் நடப்பதும் இதே சோதனைதான். எஃகு உருகுவதற்கு ஏறத்தாழ 1,500 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். ஆனால் தூய ஆக்ஸிஜனில் அது பற்றி எரிவதற்கு ஏறத்தாழ 900 டிகிரியே போதும். கொல்லன் உலையில் இரும்பு பளிச்சென்று சிவந்து தோன்றுகிறதே, அந்த நிலைதான் இது. கருவியின் மூக்கை உற்றுப் பார்த்தால் அதில் பல துளைகள் தெரியும். சுற்றிலும் உள்ள சிறு துளைகளிலிருந்து அஸிட்டிலீனும் ஆக்ஸிஜனும் கலந்து வந்து எரிகின்றன. இவற்றின் சுடர் தகட்டின் ஒரு புள்ளியைச் சிவக்க வைக்கிறது. நடுத்துளை அதுவரை மூடியிருக்கும். விசையை அழுத்தியதும் அந்த நடுத்துளை வழியாகத் தூய ஆக்ஸிஜன் தாரையாகப் பாய்ந்து, சிவந்த இரும்பை எரிக்கிறது. எரிந்து உண்டான இரும்பு ஆக்ஸைடு, இரும்பைக் காட்டிலும் குறைந்த வெப்பத்தில் உருகக் கூடியது. ஆதலால் அது நீர்போல இளகி, தாரையின் வேகத்தால் அடிப்புறமாக வெளியே தள்ளப்படுகிறது. உலைக்களத்தில் சிட்டம் என்று நம் முன்னோர் வழங்கிய கசடுக்கு இது நெருங்கிய உறவு.

இரும்பு எரியும்போது பெருவெப்பம் பிறக்கிறது என்பதையும் இங்கே கருத வேண்டும். ஒரு கிலோ இரும்பு முழுவதும் எரிந்தால் வெளிப்படும் வெப்பம், வேறு நான்கைந்து கிலோ இரும்பை உருக்கப் போதுமானது. ஆகவே தகடு தானே தனக்கு விறகாகிறது. சுடர் செய்வது தீக்குச்சியின் வேலை, அறுப்பது ஆக்ஸிஜன்.

எல்லா உலோகங்களையும் இவ்வாறு அறுக்க முடியாததன் காரணமும் இதனால் விளங்கும். நம் வீட்டு எவர்சில்வர் பாத்திரத்தில் குரோமியம் கலந்திருக்கிறது. குரோமியத்தின் ஆக்ஸைடு எளிதில் உருகாத உறையாக மேலே படிந்து, உள்ளே உள்ள உலோகத்தை ஆக்ஸிஜன் தொடாமல் காத்துவிடுகிறது. அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிவிடும். அதன் ஆக்ஸைடோ 2,000 டிகிரிக்கு மேலும் உருகாமல் நிற்கும். வார்ப்பிரும்பு எரியத் தொடங்குமுன்பே இளகிக் குழைந்துவிடும். எவர்சில்வருக்கும் அலுமினியத்துக்கும் இன்று பிளாஸ்மா என்னும் மின்வழிக் கருவிகள் வந்துவிட்டன. அவை மெய்யாகவே உருக்கி அறுப்பவை. அவற்றின் கதை வேறு. மென்மையான கட்டுமான எஃகை அறுக்க, விலை மலிவும் எளிமையும் கருதி, இன்றும் பல பட்டறைகளில் வாயுச் சுடரே கையாளப்படுகிறது.

அறுப்பது ஆக்ஸிஜன் என்று கூறினோம். இரும்பையே விறகாக்கும் பொருளின் முன்னே எண்ணெயும் துணியும் தலைமயிரும் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆக்ஸிஜன் தானாக எரிவதில்லை, அதற்கு நிறம் இல்லை, மணமும் இல்லை. நாம் உயிர் வாழ்வதே அதனால் என்பதால் அதனிடத்தில் நமக்கு அச்சமும் இல்லை. பயிற்சி நிலையங்களில் மாணவர் அஸிட்டிலீனுக்கு அஞ்சுவதில் பாதிகூட ஆக்ஸிஜனுக்கு அஞ்சுவதில்லை என்பதை ஆசிரியர்கள் அறிவார்கள்.

நம் நாட்டில் ஆக்ஸிஜன் சிலிண்டருக்குக் கறுப்பு வண்ணமும் அஸிட்டிலீன் சிலிண்டருக்கு அரக்குச் சிவப்பு வண்ணமும் பூசப்படுகின்றன. முழுவதும் நிரப்பிய ஆக்ஸிஜன் சிலிண்டரில் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோ வரை இருக்கும். வால்வைச் சட்டெனத் திறந்தால், பாய்ந்து வரும் வாயு முன்னே உள்ள சிறு இடத்தில் நெருக்குண்டு மிகவும் சூடேறும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதை நீங்கள் உணர்ந்திருப்பீர்கள். இதுவும் அவ்வாறே, ஆனால் பன்மடங்கு கடுமையானது. அந்த இடத்தில் ஒரு துளி எண்ணெயோ மசகோ இருந்துவிட்டால் அது வெடித்துத் தீப்பற்றும். ரெகுலேட்டரின் உலோகமும் சேர்ந்து எரியும். இறுகிய திருகைக் கண்டால் எண்ணெய் விடுவது தொழிலாளியின் இயல்பான பழக்கம். லேத்து வேலையை முடித்து, மசகு படிந்த கையோடு வருகிற மாணவன் அந்தப் பழக்கத்தை இங்கே வாசலிலேயே விட்டுவிட வேண்டும். "எண்ணெய் தொடாதே" என்று சுவரில் எழுதி வைப்பது மட்டும் போதாது என்பது என் கருத்து. காரணம் சொல்லாத விதியை மாணவன் ஆசிரியர் பார்க்கும்போது மட்டுமே காப்பாற்றுவான்.

ஆக்ஸிஜன் ஓசையின்றிக் கசிந்தால் என்ன நேரும் என்பதற்கு ஒரு துயரமான சான்று உண்டு. இங்கிலாந்தின் வடகிழக்கில் டைன் ஆற்றங்கரையில், 1976ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள், கிளாஸ்கோ என்னும் போர்க்கப்பல் கட்டி முடிக்கப்படும் நிலையில் இருந்தது. முந்தைய நாள் வேலை முடிந்தபோது ஆக்ஸிஜன் குழாய் ஒன்று மூடப்படாமல் கப்பலின் கீழ்த்தளத்தில் விடப்பட்டிருந்தது. இரவு முழுவதும் அது கசிந்தது. காற்றோட்டம் இல்லாத அந்த அறையில் காலையில் ஒரு தொழிலாளி பற்றவைப்பு வேலையைத் தொடங்கினார். ஆக்ஸிஜன் செறிந்த காற்றில் நெருப்பு நினைக்க முடியாத வேகத்தில் பரவியது. எட்டுப் பேர் மாண்டனர். நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்ஸிஜன் 21 விழுக்காடு இருக்கிறது. அது 25 விழுக்காட்டை எட்டினாலே துணிகள் எரியும் வேகம் பெரிதும் கூடிவிடும். இதனால்தான், வேலை நிற்கும்போது குழாய்களை நெருக்கமான அறைகளிலிருந்து வெளியே எடுத்துவிட வேண்டும் என்பது விதியாயிற்று. புழுக்கமான தொட்டிக்குள் இறங்கி வேலை செய்பவர் சற்றுக் காற்று வேண்டி ஆக்ஸிஜனைத் திறந்துவிடுவதும், உடையில் படிந்த தூசியை அதனால் ஊதித் தள்ளுவதும் எத்தகைய செயல்கள் என்று இனி நான் விளக்க வேண்டியதில்லை. ஆக்ஸிஜனில் தோய்ந்த உடை சிறு பொறியில் பற்றிக்கொள்ளும். தெரியாமல் அவ்வாறு நேர்ந்துவிட்டால், நெருப்பின் பக்கம் போகாமல் திறந்த வெளியில் கால் மணி நேரமாவது உலாவி வர வேண்டும்.

இனி அஸிட்டிலீனைப் பார்ப்போம். கார்பைடு கல்லில் நீர் பட்டால் பூண்டு நாற்றத்துடன் ஒரு வாயு கிளம்பும். மாங்காயைக் கல் வைத்துப் பழுக்கவைக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறோமே, சட்டம் தடை செய்துள்ள அந்தக் கல்லும் இதுதான். அந்த வாயுதான் அஸிட்டிலீன். முற்காலத்தில் ஊர்வலங்களிலும் தெருக் கடைகளிலும் எரிந்த கார்பைடு விளக்கின் ஒளியும் இதனுடையதே. ஆக்ஸிஜனோடு கலந்து எரியும்போது இதன் சுடர் 3,000 டிகிரியைக் கடக்கிறது என்பதை 1895இல் பிரெஞ்சு விஞ்ஞானி லெ ஷாத்தலியே அறிவித்தார். காற்றில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு கலந்தாலே இது வெடிக்கும் கலவையாகிவிடும். 80 பங்கு கலந்தபோதும் அவ்வாறே. இத்தனை அகன்ற எல்லைக்குள் வெடிக்கும் வாயுக்கள் மிகச் சிலவே.

அஸிட்டிலீனுக்கு இன்னொரு விபரீத குணமும் உண்டு. அழுத்தி நெருக்கினால், காற்றோ ஆக்ஸிஜனோ இல்லாமலே அது தன்னைத் தானே சிதைத்துக்கொண்டு வெடிக்கும். ஆகவே இதனை ஆக்ஸிஜனைப்போல வெற்றுச் சிலிண்டரில் அடைக்க இயலாது. 1897இல் பிரான்ஸில் குளோதும் ஹெஸ்ஸும் இதற்கு ஒரு வழி கண்டனர்: அஸிட்டோன் என்னும் திரவத்தில் இந்த வாயு ஏராளமாகக் கரையும் என்பதே அது. அந்தத் திரவத்தை நுண்துளைகள் நிறைந்த ஒரு பொருளில் ஊறவைத்து, அதனால் சிலிண்டரை நிரப்பினால், உள்ளே வெடி பரவ இடம் இராது. அந்த நுண்துளைப் பொருளைச் செம்மைப்படுத்தியவர் ஸ்வீடனைச் சேர்ந்த குஸ்தாவ் டாலேன். ஆளில்லாக் கலங்கரை விளக்கங்கள் மாலையில் தாமே எரிந்து காலையில் தாமே அணையுமாறு செய்த பெருமையும் அவருக்கு உரியது. அப்பணிக்காக 1912ஆம் ஆண்டின் பௌதிக நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. ஆனால் அதே ஆண்டில், பரிசு வருவதற்குச் சில மாதங்களுக்கு முன், அஸிட்டிலீன் சிலிண்டர்களின் பாதுகாப்பைச் சோதித்துக்கொண்டிருந்தபோது நேர்ந்த வெடிப்பில் அவர் இரு கண்களையும் இழந்தார். கண் மருத்துவப் பேராசிரியராக இருந்த அவருடைய சகோதரர்தாம் அவருக்காகப் பரிசைப் பெற்றுக்கொண்டார். பார்வையிழந்த டாலேன், 1937இல் இறக்கும்வரை தம் தொழிலைத் தொடர்ந்து நடத்தினார். அந்த வாயுவை அவரைவிட நன்கு அறிந்தவர் அன்று உலகில் மிகச் சிலரே இருந்திருப்பர்.

இந்தச் சிலிண்டரின் உள்ளமைப்பைத் தெரிந்துகொண்டவருக்கு அதனை ஏன் நிமிர்த்தியே வைக்க வேண்டும் என்பது விளங்கும். படுக்க வைத்துத் திறந்தால் வாயுவோடு அஸிட்டோனும் ஒழுகி வந்துவிடும். படுக்க வைத்து ஏற்றி வந்த சிலிண்டரை நிமிர்த்திச் சில மணி நேரம் அமர விட்டபின்பே பயன்படுத்த வேண்டும். குழாயில் செல்லும் அஸிட்டிலீனின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோவைத் தாண்டக் கூடாது. தாண்டினால், மேலே சொன்ன தற்சிதைவு சிலிண்டருக்கு வெளியேயே தொடங்கிவிடலாம். அறுந்துபோன ரப்பர்க் குழாயைக் கையில் அகப்பட்ட செம்புக் குழாய்த் துண்டால் இணைப்பது மற்றொரு பெரும் தவறு. அஸிட்டிலீனும் செம்பும் கூடினால், தொட்டாலே வெடிக்கும் உப்பு ஒன்று பிறக்கும்.

ஆக்ஸிஜன் இணைப்புகளின் மறை வலப்புறம் சுழன்று இறுகும். அஸிட்டிலீன் இணைப்புகளுக்கு இடப்புற மறை. அஸிட்டிலீன் திருகாணியின் மூலைகளில் சிறு வெட்டுகளும் இருக்கும். இருட்டிலும் அவசரத்திலும் ஒன்றை மற்றொன்றில் மாட்டிவிட முடியாதபடி செய்த ஏற்பாடு இது. தொழிற்சாலைகளில் மனிதனின் நினைவாற்றலை நம்பாமல் செய்யப்பட்ட ஏற்பாடுகளே நெடுநாள் பயன் தருகின்றன. கசிவு உண்டா என்று பார்க்கச் சோப்பு நீரைத் தடவி, குமிழி எழுகிறதா என்று நோக்க வேண்டும். தீக்குச்சியைக் கிழித்துப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப்பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை.

நம் அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்களில் வெல்டர் தொழிலுக்கு ஓராண்டுப் பயிற்சி அளிக்கப்படுகிறது. அங்கே மாணவன் முதலில் பற்றவைக்காத கருவியைப் பிடித்துப் பழகுகிறான். பிறகு சுடரை ஏற்றுகிறான். முதலில் அஸிட்டிலீன் வால்வைச் சிறிது திறந்து, பொறி தட்டும் லைட்டரால் பற்றவைக்க வேண்டும். தீப்பெட்டியும் சிகரெட் லைட்டரும் இங்கே ஆகா. கை நெருப்புக்கு மிக அருகில் போய்விடும். முதலில் மஞ்சள் நிறச் சுடர் கரும்புகையோடு எழும். ஆக்ஸிஜனைச் சிறிது சிறிதாகத் திறக்கப் புகை மறைந்து, சுடரின் உள்ளே வெண்ணீல நிறத்தில் கூரிய சிறு முனைகள் தெளிவாகத் தோன்றும். இரண்டு வாயுக்களும் சரிநிகராக எரியும் இந்தச் சுடரே வேலைக்கு உகந்தது.

சில வேளைகளில் சுடர் "டப்" என்ற ஒலியோடு அணையும். மூக்குத் தகட்டில் இடித்தாலோ, துளையில் கசடு அடைத்தாலோ இவ்வாறு நேரும். இதில் பெருந்தீங்கு இல்லை. ஆனால் சுடர் மறைந்து, கருவியினுள்ளே விசில்போலக் கீச்சென்ற ஓசை கேட்குமானால், நெருப்பு உள்ளே புகுந்து குழாயை நோக்கித் திரும்பிவிட்டது என்று பொருள். அப்போது உடனே ஆக்ஸிஜன் வால்வையும், அடுத்து அஸிட்டிலீன் வால்வையும் மூட வேண்டும். ஆக்ஸிஜன் இல்லையேல் உள்ளே எரியும் நெருப்புக்கு உணவில்லை. திரும்பும் நெருப்பைத் தடுக்கும் சிறு தடுப்பான்கள் இன்று குழாய்களில் பொருத்தப்படுகின்றன. அவை இருக்கின்றனவே என்று காது கேளாமல் இருந்துவிடக் கூடாது. இத்தொழிலில் கண்ணைப்போலவே காதும் கருவியாகும்.

அறுக்க வேண்டிய கோட்டைச் சுண்ணக்கட்டியால் வரைந்து, பஞ்சினால் புள்ளியிட்டுக்கொள்வார்கள். சுடரின் ஒளியில் வெறும் கோடு கண்ணுக்குப் புலப்படாது. துருவையும் வண்ணப் பூச்சையும் முதலில் சுரண்டிவிட வேண்டும். சுடரின் வெண்முனை தகட்டுக்கு மேல் சில மில்லிமீட்டர் உயரத்தில் நிற்க வேண்டும். விளிம்பு பளிச்சென்று சிவந்ததும் விசையை அழுத்தி, பொறிகள் அடிப்புறத்தில் நேராக இறங்குவதைக் கண்ட பின்னரே கையை நகர்த்த வேண்டும். 10 மில்லிமீட்டர் தகட்டில் நல்ல கை நிமிடத்துக்கு ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் செல்லும். அவசரப்பட்டால் ஆக்ஸிஜன் அடிவரை எட்டாது. பொறிகள் கீழே இறங்காமல் மேல்நோக்கித் திரும்பி முகத்தில் அடிக்கும். மிகவும் மெதுவாகப் போனால் மேல் விளிம்பு உருகி உருண்டுவிடும். அறுத்த முகப்பில் மெல்லிய கோடுகள் பதிந்திருக்கும். அவை ஏறக்குறையச் செங்குத்தாக நின்றால் வேகம் சரி. பின்னோக்கி வளைந்து கிடந்தால் கை விரைந்துவிட்டது. ஒரு மாணவனின் திறமையை ஆசிரியர் அவனிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதில்லை. இக்கோடுகளைப் படித்தே தெரிந்துகொள்கிறார்.

அறுபட்ட துண்டு எங்கே விழும் என்பதை முன்னரே எண்ணிப் பார்த்துத் தன் கால்களை அப்பால் வைத்துக்கொள்வது முக்கியம். தகட்டைச் சிமெண்டுத் தரைமேல் நேராக வைத்து அறுக்கலாகாது. தரையில் உள்ள ஈரம் ஆவியாகி விரியும்போது சிமெண்டு சில்லுகள் வெடித்துத் தெறிக்கும். நைலான் கலந்த உடை உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால் பருத்தி உடையே ஏற்றது. வேட்டியின் தளர்ந்த மடிப்பும், கால்சட்டையின் மடித்த ஓரமும் பொறிகளை ஏந்திக்கொள்ளும் பைகள். கண்ணாடி, தோல் கையுறை, தோல் முன்னுடை, கணுக்காலை மூடும் காலணி ஆகியவற்றைப்பற்றி விரிக்க வேண்டியதில்லை. துத்தநாகம் பூசிய தகரத்தை அறுத்தால் எழும் வெண்புகை மாலையில் குளிரையும் காய்ச்சலையும் தரும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்று பட்டறைகளில் சொல்வார்கள். பால் நல்ல உணவுதான். ஆனால் அந்தப் புகையைத் தடுப்பது காற்றோட்டமே அன்றிப் பால் அன்று.

பொறிகளைப்பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அவை உண்மையில் உருகிய ஆக்ஸைடு மணிகள். தரையில் விழுந்து உருண்டு பத்துப் பதினொரு மீட்டர் தொலைவு செல்லும் ஆற்றல் உடையவை. சுவரின் விரிசலிலும் பஞ்சு மூட்டையின் இடுக்கிலும் புகுந்து, புகையாமல் நெடுநேரம் கனன்றுகொண்டிருக்கும். 1942ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள் நியூயார்க் துறைமுகத்தில் நார்மண்டி என்னும் பிரெஞ்சுக் கப்பல் நின்றிருந்தது. 300 மீட்டருக்கு மேல் நீளமுள்ள அந்தக் கப்பல் உலகின் மிகப் பெரிய பயணிகள் கப்பல்களில் ஒன்று. போர்க் காலமாதலால் அமெரிக்கர் அதனைப் படைவீரர்களை ஏற்றும் கலமாக மாற்றிக்கொண்டிருந்தனர். அதன் பெரிய கூடத்தில் இருந்த இரும்புத் தூண்களை வாயுச் சுடரால் அறுத்தார்கள். அதே கூடத்தில் உயிர்காப்பு மேலங்கிகள் மூட்டை மூட்டையாகக் குவிக்கப்பட்டிருந்தன. அவற்றுள் அடைத்திருந்தது இலவம் பஞ்சு. இலவம் பஞ்சின்மேல் பொறி விழுந்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழ் மாணவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. தீயை அணைக்க இறைத்த நீரின் பாரத்தால் கப்பல் சாய்ந்து, மறுநாள் விடியுமுன் துறையிலேயே கவிழ்ந்தது. அது மீண்டும் கடலோடவே இல்லை. பின்னர்ப் பழைய இரும்பாகப் பிரிக்கப்பட்டது.

எரியும் பொருள்களை அகற்றுவது, அகற்ற முடியாதவற்றை ஈரச் சாக்கால் அன்றித் தீப்பற்றாத போர்வையால் மூடுவது, வாளியில் மணலும் தீயணைப்பானும் அருகில் வைப்பது, வேலை முடிந்தபின் அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஒருவர் அங்கேயே காவல் இருப்பது என்பனவெல்லாம் இத்தகைய நிகழ்ச்சிகளிலிருந்து பிறந்த விதிகளே. இவற்றுள் கடைசி விதியே பெரும்பாலும் மீறப்படுகிறது. வேலையில்லாமல் சும்மா நிற்பதற்குக் கூலி கொடுக்க எந்த முதலாளிக்கும் மனம் வருவதில்லை.

இன்னும் ஓர் ஆபத்து இருக்கிறது. பட்டறைகளில் உயிர்களை அதிகமாகப் பறிப்பவற்றுள் அதுவும் ஒன்று. பார்வைக்கு ஆபத்தாகவே தோன்றாதது. அதுதான் காலிப் பீப்பாய். தண்ணீர்த் தொட்டி ஆக்கவோ அடுப்பாக்கவோ பழைய எண்ணெய் டிரம்மை ஒருவர் தூக்கி வருகிறார். "ஒன்றும் இல்லை தம்பி, காலிதான், மேல் மூடியை மட்டும் வெட்டிக் கொடு" என்கிறார். கவிழ்த்துக் காட்டுகிறார், ஒரு சொட்டும் விழவில்லை. ஆனால் 200 லிட்டர் பீப்பாயின் காற்றை வெடிக்கும் கலவையாக்க 15 அல்லது 20 மில்லிலிட்டர் பெட்ரோல் ஆவியானால் போதும். அந்த அளவு, தையல் மடிப்பிலும் துருவின் துளைகளிலுமே தங்கியிருக்கும். டீசலும் மசகெண்ணெயும் பெட்ரோலைப்போல எளிதில் ஆவியாகா என்பது உண்மை. ஆனால் சுடரின் வெப்பம் தகட்டைக் காய்ச்சும்போது உள்ளே படிந்த படலம் ஆவியாகிறது. பிறகு அதே சுடர் துளையிட்டு உள்ளே நுழைகிறது. பீப்பாய் நிறைய எண்ணெய் இருந்தால் உள்ளே காற்றுக்கு இடமில்லை. காலியான பீப்பாயில்தான் ஆவியும் காற்றும் வெடிக்கத் தக்க அளவில் கலந்திருக்கும். மூடி பறந்து செல்லும் திசையில், குனிந்து வேலை செய்பவரின் தலை இருக்கும்.

இவ்வேலைக்கு நெறியான வழிகள் உண்டு. வெந்நீராலும் நீராவியாலும் நன்கு கழுவி, எல்லா அடைப்புகளையும் திறந்து, அறுக்கும் இடம்வரை நீரை நிரப்பி, உள்ளே காற்றிடம் மிகச் சிறிதாக்கி அறுப்பது ஒன்று. வாயுவை அளக்கும் கருவியால் சோதிப்பது மற்றொன்று. எல்லாவற்றினும் நல்லது, சுடரே இல்லாமல் உளியாலோ தகரக் கத்தரியாலோ வெட்டுவது. அப்போதும் முன்பே கழுவி நீர் நிரப்பியிருக்க வேண்டும். ஆனால் பயிற்சி மாணவனுக்கு நான் சொல்வது சுருக்கமானது: மூடிய கலம் எதனையும், அதில் முன்பு என்ன இருந்தது என்று உனக்கே திட்டமாகத் தெரியாதவரை, தொடாதே. இதைச் சொல்வது எளிது. வந்திருப்பவர் உறவினராகவோ, பட்டறை உரிமையாளரின் நண்பராகவோ இருப்பார். வேலையோ ஐந்து நிமிட வேலை. மறுத்தால் பயந்தாங்கொள்ளி என்ற பெயர் வரும். 18 வயது இளைஞன் ஒருவன் பெரியவர் ஒருவரைப் பார்த்து, "ஐயா, இதை இன்று வெட்ட முடியாது, கழுவி நீர் நிரப்பி நாளை கொண்டுவாருங்கள்" என்று சொல்லப் பழக வேண்டும். ஓராண்டுப் பயிற்சியில் கற்பதற்கு இதைவிடக் கடினமான பாடம் இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் தேர்வில் இதற்கு மதிப்பெண் வைப்பதில்லை.

வேலை முடிந்தபின் முதலில் கருவியின் அஸிட்டிலீன் வால்வையும் பிறகு ஆக்ஸிஜன் வால்வையும் மூடுவார்கள். அதன்பின் சிலிண்டர்களின் வால்வுகளை மூடி, குழாய்களில் எஞ்சிய வாயுவைத் தனித்தனியே திறந்த வெளியில் போக விட்டு, ரெகுலேட்டரின் திருகைத் தளர்த்திவிடுவார்கள். அஸிட்டிலீன் சிலிண்டரின் சாவி, வேலை நடக்கும் நேரமெல்லாம் அதன் தலையிலேயே இருக்க வேண்டும். நெருப்பு மூண்டபின் சாவியைத் தேட முடியாது.

அறுத்த இரும்பு சில நிமிடங்களில் சிவப்பு நீங்கிக் கறுத்துவிடும். அப்போது அதன் வெப்பம் 400 அல்லது 500 டிகிரியாக இருந்தாலும் குளிர்ந்த இரும்புக்கும் அதற்கும் கண்ணுக்கு வேற்றுமை தெரியாது. பெருக்க வரும் அம்மாளோ, அடுத்த முறைக்கு வரும் மாணவனோ அதனைக் கையால் எடுத்துவிடலாம். ஆகையால் நல்ல பயிற்சி நிலையங்களில், மாணவன் கையுறையைக் கழற்றுமுன் சுண்ணக்கட்டியை எடுத்து, அந்தத் துண்டின்மேல் "சூடு" என்று பெரிய எழுத்தில் எழுதிவிட்டுத்தான் வெளியே போகிறான்.